முக்கோணத்தில் விடிவதற்கு முன்

மழை விட்டிருந்தது. ஈவி மரம் மட்டும் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. அந்த மரத்தடி பெஞ்சில் பழைய செய்தித்தாளை விரித்து, அதன் மேல் எஸ்தர் அம்மாவும் நானும் உட்கார்ந்திருந்தோம். திங்கட்கிழமை. விடிய இன்னும் நேரம் இருந்தது. பீஜித் தீவுகளின் தலைநகரான சுவாவின் நடுவில், முக்கோணம் என்று எல்லாரும் சொல்லும் அந்த இடத்தில், எங்களைத் தவிர இருந்தவர்கள் எதிர் வங்கியின் தாழ்வாரத்தில் நின்ற மூன்று சிப்பாய்கள் மட்டும்தான்.

எங்களிடம் இருந்தவை: ஒரு பிளாஸ்க் தேநீர், இரண்டு குடை, ஒரு டார்ச், ஈரத்துணியில் சுற்றிய மாப்பிள்ளை மாலை, எஸ்தர் அம்மாவின் மடியில் ஒரு டப்பா லட்டு.

"பஸ்காரன் வழி தெரியாம நவுசோரி பாலத்துலயே நின்னுட்டானா, பாரு" என்றார் எஸ்தர் அம்மா.

"அவனுக்குத் தெரிஞ்ச சுவாவே இந்த மரம்தாம்மா. அதனாலதான் அப்பா நம்மள இங்க நிக்கச் சொன்னாரு."

"பக்கத்து வீட்டுக்காரி நானு. பொண்ணுக்குத் தல பின்ன வேண்டியவ, இங்க மரத்துக்குக் காவல் இருக்கேன்."

அன்று என் அக்கா சரோஜாவுக்குக் கல்யாணம். அன்று என்றால், சூரியன் உதிப்பதற்குள். மாப்பிள்ளை வீட்டார் பினாங்கிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார்கள். மலேசியாவில் இருக்கும் பினாங்கு இல்லை. எங்கள் தீவின் வடக்குக் கரையில், ராகிராகிப் பக்கம், சர்க்கரை ஆலையைச் சுற்றி இருக்கும் பினாங்கு. மாப்பிள்ளை தேவராஜ் அந்த ஆலையில் ஃபிட்டர். புதன்கிழமை அவன் கனடாவுக்கு விமானம் ஏற வேண்டும். விசாவில் போட்டிருந்த கடைசி நாள் அந்த வாரத்திலேயே இருந்தது.

மூன்று பக்கமும் சமமில்லை

இரண்டு வாரங்களுக்கு முன் இந்தப் பத்தியில் எங்கள் டூராக் மேட்டு வீட்டைப் பற்றி எழுதியபோது, முக்கோணத்தை ஒரு வரியில் கடந்துவிட்டேன். அது தப்பு. சுவாவில் யாரும் அதை ஒரு வரியில் கடப்பதில்லை.

பெயர்தான் நகர் மையச் சதுக்கம். உண்மையில், தெருக்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போனதில் மிச்சமான ஒரு துண்டு நிலம் அது. நில அளவை அலுவலகத்தில் சேர்ந்த புதிதில் அதன் வரைபடத்தை நானே மை போட்டு நகலெடுத்திருக்கிறேன். மூன்று பக்கமும் சமமில்லை. இந்த மரத்தடியில்தான் நகரத்தின் முதல் மனைகளை விற்றார்கள் என்று அங்குள்ள கல்லில் செதுக்கியிருக்கிறது. அப்படியானால் ஊர் பிறந்த இடம் அதுதான்.

பகலில் அங்கே யார் யார் இருப்பார்கள் என்று கேட்டால், இந்த வரிசையில் சொல்வேன். ஷூ பாலிஷ் போடுகிறவர்கள். மரப்பெட்டியில் வறுத்த கடலையும் காரப் பட்டாணியும் விற்கிறவர்கள். பஸ்ஸுக்கு நிற்பவர்கள். பஸ்ஸுக்கு நிற்பதுபோல் நிற்பவர்கள்.

எங்கள் இந்திய வம்சத்தார் அதிகம் இருந்த ஆட்சியைப் பட்டாளம் கவிழ்த்து, சில மாதங்களில் இன்னொரு முறையும் கவிழ்த்த பிறகு, கடைசி வகை பெருகியது. மதிய இடைவேளையில் நம் ஆட்கள் மரத்தைச் சுற்றி நின்று ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொள்வார்கள். "உனக்கு வந்துடுச்சா?" என்ன வந்தது என்று யாரும் கேட்பதில்லை; வெளிநாட்டு விசாதான். வந்தவர்கள் தையல் மிஷினையும் அலமாரியையும் யார் வாங்குவார்கள் என்று விசாரிப்பார்கள். வராதவர்கள் கடலையை மென்றுகொண்டு, ஆஸ்திரேலியாவில் குளிர் தாங்காது என்பார்கள்.

என் பெரியப்பா மகள் ஒருத்திக்குப் பார்த்த மாப்பிள்ளைக்கும் அப்படித்தான் 'வந்தது'. நிச்சயதார்த்தம் மட்டும் முடித்துக்கொண்டு அவன் பிரிஸ்பேன் போனான். போய் வேலை கிடைத்ததும் கல்யாணம் என்றான். முதலில் வாரம் ஒரு கடிதம், பிறகு மாதம் ஒன்று, பிறகு தீபாவளி வாழ்த்து. அவள் இன்னும் அந்த நிச்சயப் புடவையைப் பெட்டியில் வைத்திருக்கிறாள். யாரும் அவளிடம் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

அதனால்தான் அப்பா பிடிவாதமாக இருந்தார். "தாலி ஏறாம அந்தப் பையன் விமானம் ஏறக் கூடாது." அந்த வாரம் முழுவதும் அக்கா சரியாகச் சாப்பிடவில்லை.

பட்டாளத்து ஞாயிறு

அந்த மாதம் முகூர்த்தம் என்று பூசாரி ஐயா குறித்தது ஒரே ஒரு நாள். ஞாயிற்றுக்கிழமை. அதை விட்டால் ஆடி. ஆடியில் எங்கள் ஆட்கள் தீ மிதிப்பார்கள், கூழ் ஊற்றுவார்கள், கல்யாணம் மட்டும் செய்ய மாட்டார்கள்.

ஞாயிறு என்பதுதான் சிக்கல். அப்போது பட்டாளம் போட்ட ஞாயிறு சட்டம் இருந்தது. கடை திறக்கக் கூடாது, பஸ் ஓடக் கூடாது, பந்து விளையாடக் கூடாது, தோட்டத்தில் வேலை செய்யக் கூடாது, கூட்டம் கூடக் கூடாது. சர்ச்சுக்குப் போகலாம். முக்கோணம் அந்த நாட்களில் மைனாக்களுக்கு மட்டும் சொந்தமாக இருந்தது.

எஸ்தர் அம்மா மெதடிஸ்ட். அவருடைய தாத்தா மதராஸிலிருந்து எங்கள் கொள்ளுத்தாத்தா வந்த மாதிரியே கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலில் வந்தவர்தான். எஸ்தர் அம்மாவுக்கே அந்தச் சட்டம் பிடிக்கவில்லை. "கர்த்தர் ஓய்வெடுன்னுதான் சொன்னாரு. துப்பாக்கிய காட்டி ஓய்வெடுக்க வைன்னு சொல்லல" என்பார், ஜன்னலைச் சாத்திவிட்டு.

மாப்பிள்ளை வீட்டார் சனிக்கிழமையே வந்து தங்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். நாங்களும் யோசித்தோம். ஒரு பஸ் ஆட்கள் ஞாயிறு முழுவதும் எங்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தால் அதுவே கூட்டம். பக்கத்துத் தெருவில் ஒரு பிறந்தநாள் விருந்தையே சிப்பாய்கள் கலைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

வழி கண்டுபிடித்தது பூசாரி ஐயாதான். அறுபதைத் தாண்டியவர். நவுசோரிப் பக்கம் நெல் போட்டிருந்தார். சென்னையிலிருந்து கப்பல் தபாலில் வரும் பஞ்சாங்கத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, வேட்டி மடிப்பில் செருகி வைத்திருப்பார். எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து அதைப் புரட்டியவர், தலையை நிமிர்த்தினார்.

"நமக்கு நாளு எப்போ பொறக்குது? சூரியன் வந்தா பொறக்குது. பட்டாளத்துக்கு?"

"ராத்திரி பன்னெண்டுக்கு" என்றார் அப்பா.

"அப்போ பன்னெண்டுலேர்ந்து விடியிற வரிக்கும் நமக்கு ஞாயிறு, அவனுக்குத் திங்க. நடுவுல பூந்து கட்டிக்கினு போயிடலாம்."

பல நாட்களுக்குப் பிறகு அப்பா வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். பஸ் நள்ளிரவு தாண்டியதும் பினாங்கில் கிளம்புவது, விடிவதற்கு வெகு முன்பே முக்கோணத்துக்கு வருவது, நாங்கள் அங்கிருந்து டூராக் மேட்டுக்கு வழிகாட்டுவது என்று முடிவானது. இரவு ஊரடங்கு அப்போது எடுக்கப்பட்டிருந்தது. திட்டத்தில் எனக்கு ஓட்டை எதுவும் தெரியவில்லை.

வெளிச்சம் வந்ததும்

பஸ் வந்தது. ஒன்றரை மணி நேரம் தாமதம். முன் கண்ணாடியில் மஞ்சள் துணி கட்டியிருந்தது, சக்கரமெல்லாம் சேறு. வழியில் இரண்டு இடங்களில் நிறுத்திச் சோதித்தார்களாம்.

நான் டார்ச்சை ஆட்டினேன். பஸ் மரத்தருகே நிற்கவும், வங்கித் தாழ்வாரத்திலிருந்து ஒரு கார்ப்பரல் இறங்கி வரவும் சரியாக இருந்தது. உயரமான பீஜியர். டிரைவரிடம் எங்கள் ஊர் இந்தியிலேயே பேசினார். எங்கிருந்து, எத்தனை பேர், எதற்கு.

"பினாங்கா? மில் பக்கத்துலயா?" அவர் முகம் கொஞ்சம் இளகியது. "நானும் அந்த ரா மாகாணம்தான். சின்ன வயசுல மில் ரயில்ல கரும்பு உருவித் தின்னிருக்கேன்."

அப்பாடா என்று நினைத்தேன். அதற்குள் அவர் கையை உயர்த்தினார். வெளியூர் வண்டி. மூட்டை முடிச்சுகளை அதிகாரி பார்க்க வேண்டும். அவர் வரும்வரை பஸ்ஸும் நகரக் கூடாது, பஸ்ஸில் வந்தவர்களும் இந்த இடத்தை விட்டுப் போகக் கூடாது.

"அதிகாரி எப்போ வருவாரு?" என்றேன்.

"வெளிச்சம் வந்ததும்."

எங்களுக்கு வேண்டாத ஒரே நேரம் அதுதான்.

மாப்பிள்ளையின் அம்மா அங்கம்மா அத்தை படியில் இறங்கி நின்றார். கனமான உடம்பு, கனமான குரல். சிப்பாயையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னாம்மா வசந்தா, உங்க ஊர்ல மாப்பிள்ளைய எதிர்கொண்டு கூப்பிட துப்பாக்கியோடத்தான் வருவாங்களா?"

அவருக்குப் பின்னால் மாப்பிள்ளை தேவா. பட்டு வேட்டிக்கு மேல் ஒரு பழைய ஸ்வெட்டர். கையில் மஞ்சள் காப்பு. அவனுக்குத் தமிழ் புரியும், பேச வராது. என்னைப் பார்த்து இந்தியில் ஒரே கேள்வி கேட்டான்: சரோஜா எங்கே?

எனக்குப் பதற்றம் வந்தால் மனசுக்குள் வரிசை போடுவேன். நகர முடியாதவை: பஸ், மாப்பிள்ளை, அத்தை, தாலி. நகர முடிந்தவை? அந்த வரிசையை நான் முடிப்பதற்குள் எஸ்தர் அம்மா முந்திக்கொண்டார்.

"மாப்பிள்ளைதான் நகரக் கூடாது. பொண்ணு நகரலாமில்ல? ஓடுடி."

ஓடினேன். முக்கோணத்திலிருந்து எங்கள் மேடு செங்குத்தான ஏற்றம். வீட்டில் கொட்டகை போட்டு, வாழை கட்டி, கோலம் போட்டு எல்லாம் தயார். நான் சொன்னதைக் கேட்டு அப்பா திகைத்துப்போனார்.

"நடுத்தெருவுலயா? சரோஜாவுக்கா?"

அம்மா இறந்த பிறகு எங்கள் இருவரையும் வளர்த்தவர். கல்யாணத்தை இப்படி அவர் கற்பனை செய்திருக்க மாட்டார். அக்கா உள்ளேயிருந்து வந்தாள். கூரைச்சேலைக்கு மேல் அப்பாவின் மழைக் கோட்டை மாட்டிக்கொண்டாள். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள்.

"நடப்பா" என்றாள். அவ்வளவுதான்.

மேட்டிலிருந்து இறங்கினோம். அக்கா, அப்பா, பூசாரி ஐயா, குத்துவிளக்கோடு நான், தட்டுகளோடு பக்கத்து வீட்டுப் பெண்கள் சிலர். மேளக்காரர்களுக்குச் சொல்லியே இருக்கவில்லை. சத்தம் வேண்டாம் என்று முதலிலேயே முடிவு செய்திருந்தோம். ஈரத் தார்ச் சாலையில் எங்கள் கொலுசுச் சத்தம் மட்டும் கேட்டது.

கார்ப்பரல் எங்களைப் பார்த்துவிட்டு எஸ்தர் அம்மாவிடம் திரும்பினார். "மரமா, இது கூட்டம்." பெண்களை மரியாதையாக அழைக்கும் பீஜிச் சொல் அது.

"கூட்டமா? இது பஸ் ஸ்டாப்பு. பஸ்ஸுக்கு நிக்கறாங்க."

"பட்டுச் சேலையிலயா?"

"திங்கக்கிழமை இல்லையா. நல்லா உடுத்திக்கிட்டு வேலைக்குப் போக வேணாமா?"

அவர் சிரிப்பை அடக்கியது தெரிந்தது. நெருப்பு மட்டும் மூட்டக் கூடாது என்று சொல்லிவிட்டு, இரண்டடி தள்ளி நின்றுகொண்டார்.

சென்னைச் சூரியன்

மரத்தடி பெஞ்சில் தாம்பாளத்தை வைத்தோம். குடையை விரித்து அதன் கீழ் விளக்கை ஏற்றினோம். தேவாவும் அக்காவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அரசாங்கக் கட்டடத்து மணிக்கூண்டு அடித்த சத்தம் அந்த அமைதியில் தெளிவாகக் கேட்டது. ஆறு.

பூசாரி ஐயா டார்ச் வெளிச்சத்தில் பஞ்சாங்கத்தைப் பார்த்தார். மறுபடி பார்த்தார். மூடினார்.

"போச்சு. சூரியோதயம் ஆயிடுச்சு. ஆறுக்கு முன்னாலயே உதயம். இப்போ திங்க. இனிமே கட்டக் கூடாது."

அங்கம்மா அத்தை கையிலிருந்த தாலித் தட்டை மெதுவாக மடியில் இறக்கினார். அப்பா மரத்தில் கையை ஊன்றிக்கொண்டார்.

"டிக்கெட்டை மாத்திக்கறேன்" என்றான் தேவா, இந்தியில்.

"டிக்கெட்ட மாத்தலாம். விசாவ மாத்துவியா?" என்றார் அவன் அம்மா. "நேரம் தப்பிக் கட்டி, அங்க போய் உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா, நான் யாரக் கேப்பேன்?"

அது பொல்லாத்தனம் இல்லை. ஒரே மகன், கடல் தாண்டிப் போகிறான். கையில் பிடித்துக்கொள்ள அவருக்கு இருந்தது அந்த நேரம் ஒன்றுதான்.

நான் அக்காவைப் பார்த்தேன். தலையைக் குனிந்து மழைக் கோட்டின் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தாள். பெரியப்பா மகளின் முகம் எனக்கு நினைவுக்கு வந்தது. அக்காவுக்கும் வந்திருக்கும்.

அப்போதுதான் நிமிர்ந்து மேட்டுப் பக்கம் பார்த்தேன். கிழக்கு அதுதான். கும்மிருட்டு.

இங்கே என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நில அளவையில் உண்மையான வடக்கைக் கண்டுபிடிக்க நாங்கள் சூரியனைப் பார்ப்போம். காலையிலும் மாலையிலும், கோணம் அளக்கும் தியோடலைட்டில் கறுப்புக் கண்ணாடியைப் பொருத்திப் பார்த்து, அட்டவணையோடு ஒப்பிட்டுக் கணக்குப் போடுவோம். எனவே சுவாவில் எந்த மாதம் சூரியன் எப்போது வரும் என்பது எனக்கு வாய்ப்பாடு மாதிரி. பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருப்பதால், ஆனி முடிவில் இங்கே குளிர்காலம். ஆறரை தாண்டித்தான் சூரியன் வரும்.

"பூசாரி ஐயா, இன்னும் விடியலியே" என்றேன்.

"கண்ணுக்குத் தெரியற சூரியன் வேற, பஞ்சாங்கத்துச் சூரியன் வேற தாயி. மழ மேகமா இருந்தா? மலைக்கு அந்தாண்ட வந்திருந்தா?"

"அந்தாண்டயும் வரல ஐயா. பஞ்சாங்கத்துல போட்டிருக்கறது சென்னையில உதிக்கிற நேரம். அங்க இப்போ வெயில் காலம், சீக்கிரம் விடியும். நமக்கு இது குளிர் காலம். முக்கால் மணி நேரம் பின்னால வரும்."

அவர் என்னையே பார்த்தார். கோபமில்லை. யோசனை.

"எங்கப்பா இந்த நேரத்த வெச்சுத்தான் விடியிறதுக்குள்ள கட்டி வெச்சாரு. நானும் அப்பிடித்தான். அப்போ அதெல்லாம்?"

அங்கம்மா அத்தை உடனே பிடித்துக்கொண்டார். "ஆமா, என்து ஆனி மாசக் கல்யாணம். என்து தப்பா?"

"இல்ல அத்தே. ஆனியில இங்க விடியறதுக்கு ரொம்ப முன்னாலயே கட்டிட்டாங்க. ரொம்பப் பத்திரம்."

அது உண்மை. தை மாதத்தில் கணக்கு தலைகீழாகும். அங்கே சூரியன் தாமதம், இங்கே சீக்கிரம். அதை நான் சொல்லவில்லை. அப்பா, அம்மா கல்யாணம் தை மாதம்.

அப்பா என்னை ஓரக்கண்ணால் பார்த்தார். கணக்கு அவருக்கும் வரும்.

கார்ப்பரலுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் எல்லாரும் மேட்டைப் பார்ப்பதையும் பூசாரி புத்தகத்தைப் பார்ப்பதையும் கவனித்திருந்தார். என்ன தகராறு என்று தேவாவிடம் கேட்டார். தேவா சொன்னான். கார்ப்பரல் தலையை ஆட்டினார்.

"சேகா, சேகா" என்றார். இல்லை இல்லை என்று அர்த்தம். பிறகு இந்தியில்: "தினமும் இங்கதான் நிக்கறேன். இன்னும் டைம் இருக்கு மகராஜ். வெளிச்சம் வந்தா எங்க ஆபீசரும் வந்திருப்பாருல்ல?"

அங்கம்மா அத்தைக்கு முதன்முறையாகச் சிரிப்பு வந்தது. "சாமி, இருட்டுல டார்ச்ச அடிச்சுக்கினு விடிஞ்சிடுச்சுன்னு சொன்னா, சிப்பாயே சிரிக்கிறான் பாரு."

பூசாரி ஐயா பஞ்சாங்கத்தைத் திறந்தார். இந்த முறை அந்த நாளின் பக்கத்தை அல்ல, முதல் பக்கத்தை. விரலை வைத்து மெல்லப் படித்தார். சென்னைப்பட்டணத்து உதயப்படி கணித்தது.

"இவ்ளோ வருஷமா இத ஏதோ அச்சாபீசு விலாசம்னு தாண்டிப் போயிட்டேன்" என்றார்.

புத்தகத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, வேட்டி மடிப்பில் செருகினார். கையை உதறினார்.

"நாம இந்த ஊரு மண்ணுல நிக்கிறோம். இந்த ஊரு சூரியனுக்கே கட்டலாம். தாலிய எடு, தாயி."

கெட்டி மேளம்

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. ஓமம் இல்லை. தாம்பாளத்தில் ஒரு துண்டு கற்பூரம், அதைச் சுற்றி இரண்டு குடைகள். அம்மியும் இல்லை. முக்கோணத்து விளிம்புக் கல்லிலேயே அக்கா காலை வைத்தாள். அக்காவுக்கு அம்மா இடத்தில் நின்று எஸ்தர் அம்மா அவள் பின்னலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

தேவா தாலியை எடுத்தான். ஆலையில் திருகாணி போடும் கை. முதல் முடிச்சு நழுவியது.

"இன்னாடா, மெஷினா இது? மெதுவா போடு" என்றார் அவன் அம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

பூசாரி ஐயா பழக்கத்தில் கையை உயர்த்தி, "கெட்டி மேளம்! கெட்டி மேளம்!" என்றார். சொன்ன பிறகுதான் மேளம் இல்லை என்பது எல்லாருக்கும் உறைத்தது.

அப்போது கார்ப்பரல் துப்பாக்கியைத் தோளில் சரித்துக்கொண்டு, இரண்டு உள்ளங்கைகளையும் குழித்துத் தட்டினார். கிராமங்களில் யங்கோனா என்ற வேர்ப் பானம் குடிக்கும்போதும், பெரியவர்கள் முன்னிலையிலும் பீஜியர்கள் தட்டும் தட்டு அது. டப், டப், டப் என்று பானைக்குள்ளிருந்து வருவது போன்ற கனமான சத்தம். வங்கித் தாழ்வாரத்தில் நின்ற மற்ற இரண்டு சிப்பாய்களில் ஒருவன் அவரோடு சேர்ந்து தட்டினான். இன்னொருவன் சேரவில்லை. வேறு பக்கம் திரும்பி நின்றான்.

அந்தச் சத்தத்தில் மூன்றாவது முடிச்சு விழுந்தது. நாங்கள் அரிசி போட்டோம்.

"கவுக்கறதும் இவங்கதான், கை தட்டறதும் இவங்கதான்" என்று எஸ்தர் அம்மா என் காதில் முணுமுணுத்தார். பிறகு எழுந்து போய் மூன்று சிப்பாய்களுக்கும் லட்டு கொடுத்தார். திரும்பி நின்றவனுக்கும் சேர்த்துத்தான். அவன் வாங்கிக்கொண்டான்.

அந்த நாளைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அப்பா இந்த இடத்தில் நிறுத்துவார். நன்றியா, கோபமா என்று அவருக்கே தெரியாது. அவர் இருபது வருடம் வேலை செய்த துணிக்கடையின் கண்ணாடியைக் கலவரக் கும்பல் உடைத்தபோது பார்த்துக்கொண்டு நின்றவர்களும் இதே சீருடையில்தான் இருந்தார்கள். எனக்கும் தெரியாது. இரண்டையும் அப்படியே எழுதி வைக்கிறேன்.

விடிந்தது

மேட்டின் விளிம்பு முதலில் சாம்பல் நிறமானது. பிறகு எதிர்க் கடைகளின் கூரைத் தகரத்தில் வெளிச்சம் இறங்கியது. பூசாரி ஐயா வானத்தை ஒரு பார்வை, என் கைக்கடிகாரத்தை ஒரு பார்வை பார்த்தார். என் தலையில் கையை வைத்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

அதிகாரி ஜீப்பில் வந்தார். பஸ்ஸில் ஏறி மூட்டைகளைப் பிரித்துப் பார்த்தார். கிடைத்தவை: இரண்டு சாக்கு அரிசி, ஒரு அண்டா, முறுக்கு, தேவாவின் கனடாப் பெட்டி. பெட்டியில் புதிதாக வாங்கிய கம்பளிச் சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து, மறுபடி மடித்து வைத்தார். போகலாம் என்று கையை அசைத்தார்.

தேவா புதன்கிழமை போனான். சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். ஒன்றரை வருடம் கழித்து அக்காவை அழைத்துக்கொண்டான். பிறகு அப்பாவும் போனார். எஸ்தர் அம்மா நியூசிலாந்தில் மகன் வீட்டில் இருக்கிறார். இதெல்லாம் பின்னால் நடந்தது. அன்று காலை எனக்கு இதில் எதுவும் தெரியாது.

எல்லாரும் டூராக் வீட்டுக்குப் போவதற்காக ஏறினார்கள். பந்தி அங்கேதான். முதல் டவுன் பஸ்கள் வரத் தொடங்கியிருந்தன. வேலைக்கு வருகிறவர்கள் இறங்கி, மரத்தடியில் கிடந்த மஞ்சள் அரிசியை மிதிக்காமல் சுற்றிப் போனார்கள். கடலைக்காரர் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தார்.

அங்கம்மா அத்தை படியில் நின்று, "ஏறு வசந்தா, பசிக்கல உனக்கு?" என்றார்.

"ஆபீஸ் இருக்கு அத்தே. லீவு சொல்லல. சாயந்திரம் வரேன்."

அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். மழைக் கோட்டைக் கழற்றி என்னிடம் நீட்டினாள். கழுத்தில் புது மஞ்சள் கயிறு. நானும் அவளும் எப்போதும் இந்தியில்தான் பேசிக்கொள்வோம். பள்ளி, தெரு, சண்டை எல்லாம் இந்தியில். அன்று அவள் தமிழில் பேசினாள்.

"நீ வாய மூடிக்கிட்டு இருந்திருந்தா, நான் இங்கயே இருந்திருப்பேன், இல்லடி?"

"ஆமா" என்றேன்.

அவள் சிரித்தாள். கையை வெளியே நீட்டி என் காதைப் பிடித்து இழுத்தாள், சின்ன வயதில் செய்வது போல, வலிக்கும்படி. பஸ் நகர்ந்த பிறகுதான் விட்டாள்.

மேடேறும்வரை பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு கோட்டை மடித்துக் கையில் போட்டுக்கொண்டு, அலுவலகத்துக்கு நடந்தேன். எல்லாருக்கும் அப்போது திங்கட்கிழமை.